ஆர்தர் டவ்வின் 1911 பாஸ்டல்: மூன்று நிறமும் கறுப்பு வெள்ளையும்

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்க ஓவியர் ஆர்தர் டவ் 1911 வாக்கில் வரைந்த 'நேச்சர் சிம்பலைஸ்டு, நம்பர் 2' என்ற பாஸ்டலை (உலர்ந்த நிறக்குச்சியால் வரைந்த படம்) பார்த்துவிட்டு, “தொடக்ககால அரூப ஓவியம் என்கிறார்கள், ஆனால் பச்சை, பழுப்பு, கறுப்பு என்று அடங்கியே கிடக்கிறதே, கான்டின்ஸ்கி மாதிரி நிறம் துள்ள வேண்டாமா?” என்பது ஒன்று. “அதைப் பார்த்து அப்படியே வரைந்தேன், ஒரு மணி நேரத்தில் எல்லாம் சேறாகிவிட்டது, ஏன்?” என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் வடிவங்களை முதலில் நகலெடுத்துவிட்டு, நிறத்தை அப்புறம் நிரப்பியிருக்கிறீர்கள். டவ் போன வழி அதற்கு நேர் எதிரானது.

முதலில் படம். சிகாகோ கலைக்கழகத்தில், புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் தொகுப்பின் பகுதியாக இருக்கிறது. அளவு சிறியதுதான், ஏறத்தாழ 46 × 55 செ.மீ. 'மலைச்சரிவில் காற்று' என்ற பொருளில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். வளைந்த வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெளிறி, இன்னொரு பக்கம் இருண்டு போகிறது. மரம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் எதுவோ வளைகிறது, எதுவோ தள்ளுகிறது என்பது மட்டும் தெரிகிறது.

டவ் 1880-ல் நியூயார்க் மாநிலத்தின் கனன்டைகுவாவில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1903-ல் படிப்பை முடித்து, பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தவர். 1908, 1909 ஆண்டுகளில் பாரிஸில் ஆண்டுதோறும் நடக்கும் சலோன் டோட்டோன் ஓவியக் காட்சிகளில் அவர் படம் இடம்பெற்றது. திரும்பி வந்து கனெடிகட்டின் வெஸ்ட்போர்ட்டில் நிலம் பார்த்து, கோழி வளர்த்துக்கொண்டே வரைந்தார். 1912 பிப்ரவரி 27 முதல் மார்ச் 12 வரை, நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூ 291-ஆம் எண்ணில் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய சிறிய கூடத்தில் அவருடைய முதல் தனிக்காட்சி நடந்தது. அங்கே வைத்த பத்துப் பாஸ்டல்களுக்குப் பின்னாளில் 'பத்துக் கட்டளைகள்' என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. அதே மார்ச்சில் சிகாகோவில் தர்பர் கூடத்துக்கும் அவை போயின. 'முதல் அரூப ஓவியம் யாருடையது' என்ற பந்தயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஐரோப்பிய ஓவியர்கள் குப்கா, கான்டின்ஸ்கி, ஹில்மா அஃப் க்ளிண்ட் என்று ஏழெட்டு ஆண்டு இடைவெளியில் பலர் பல ஊர்களில் அதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட அரூபப் படங்களில் இந்தப் பத்தும் ஆகத் தொடக்கத்தில் வருபவை என்பது போதும்.

நிறத்துக்கு வருவோம். டவ்வின் பாஸ்டல் ஒன்றை வாங்கிய சிகாகோ வழக்கறிஞர் ஆர்தர் ஜெரோம் எடி, 1914-ல் தன் புத்தகத்தில் டவ்வின் கடிதத்தை வெளியிட்டார். அதில் டவ் தன் வழியைப் படிப்படியாகச் சொல்கிறார். இயற்கையில் சில வடிவங்களும் சில நிறங்களுமே ஒரு பொருளை உண்டாக்கப் போதுமானதாக இருக்கின்றன என்று கவனித்தாராம். அதனால் முதல் படி: இயற்கையிலிருந்து நிறத்தில் ஒரு கருவைத் தேர்ந்தெடுத்து, அந்த நிறக்கருவை வைத்தே வரைவது, அப்போது வடிவங்கள் இன்னும் பொருள்களாகவே, மரம் மரமாகவே, இருக்கும். இரண்டாவது படியில்தான் அதே விதியை வடிவத்துக்கும் பொருத்துகிறார். பொருளின் தோற்றத்தை நம்பியிருப்பது அந்தப் படியில்தான் கழன்று போகிறது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். சுருக்கம் முதலில் நடந்தது நிறத்தில். வடிவம் அதன் பின்னால் வந்தது. 'அரூபம்' என்றதும் நாம் வடிவம் காணாமல் போவதை மட்டுமே நினைக்கிறோம். டவ்வின் கணக்கில் வடிவம் கலைவதற்கு முன்பே நிறம் தன் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டது.

அது என்ன வேலை? 1930-ல் வெளிவந்த இன்னொரு குறிப்பில், காற்றடித்த ஒரு மலைச்சரிவை வரைந்ததைச் சொல்கிறார். மரங்களின் பக்கத் தளங்களிலிருந்து மூன்று வடிவங்கள், மூன்று நிறங்கள், கூடவே கறுப்பும் வெள்ளையும். நிறங்கள் அந்தப் பொருள்களின் தன்மையைச் சொல்வதற்காகத் தேர்ந்தவை: மண்ணின் நிறம், மரத்தின் பச்சை, வானத்தின் சற்றே பச்சை கலந்த நீலம். அவ்வளவுதான் சரக்கு.

இம்ப்ரஷனிஸ்டுகளிடம் நிறம் என்பது அந்த நேரத்து வெளிச்சத்தின் கணக்கு. மாலையில் வைக்கோல்போர் ஊதாவாகும், பனி இளஞ்சிவப்பாகும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் வட்டத்தாரிடம் நிறம் உணர்ச்சியின் உரத்த குரல், முகம் பச்சையாகலாம். டவ் இரண்டையும் பாரிஸில் நேரில் பார்த்தவர். 1908-ல் வரைந்த 'தி லாப்ஸ்டர்' என்ற நிச்சலப் பொருள் ஓவியத்தில் அந்த பாரிஸ் வண்ணம் அப்படியே இருக்கிறது. ஆனால் 1911 பாஸ்டலில் நிறம் வெளிச்சத்தையும் சொல்லவில்லை, மனநிலையையும் சொல்லவில்லை. அது எதனால் ஆனது என்பதை மட்டும் சொல்கிறது. மண் மண்ணாலானது, இலை இலையாலானது. பின்னாளில் அவர், அரூபப்படுத்துதல் என்று ஒன்று கிடையாது, நடப்பது பிழிந்தெடுப்பதுதான் என்ற பொருளில் எழுதினார். கரும்பைப் பிழிந்தால் கரும்பின் உருவம் போய்விடும், இனிப்பு போகாது. அந்த அர்த்தத்தில்தான் இந்தப் பச்சையும் பழுப்பும்.

அதனால் 'நிறம் கம்மி' என்பது குறையில்லை. நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்ததால்தான் டோன், அதாவது வெளிர்-அடர் ஏற்ற இறக்கம், மொத்தப் பாரத்தையும் சுமக்க முடிகிறது. படத்தைக் கைப்பேசியில் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வளைவும் சாய்வும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிறகு குப்கா 1909-10-ல் வரைந்த, 'பூப்பறிக்கும் பெண்' என்ற பாஸ்டல் வரிசையை, பாரிஸின் பொம்பிடு மையத்தில் இருப்பதை, அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அங்கே ஓர் உடலின் அசைவு செங்குத்தான நிறப் பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. நிறம் போனால் அசைவில் பெரும்பங்கு போய்விடும். இரண்டும் பாஸ்டல், இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம். குப்காவிடம் நிறம் நகர்கிறது. டவ்விடம் நிறம் நிலைத்து நிற்க, டோன் நகர்கிறது. எனக்கு டவ்வினுடையது கூடுதல் துணிச்சலாகப் படுகிறது, ஏனென்றால் கண்ணைக் கவரும் எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

இதற்கு ஏன் பாஸ்டல்? எண்ணெய்யில் செய்ய முடியாதா? செய்தார், 1910-11-ல் ஆறு சிறிய எண்ணெய் அரூபங்களும் இருக்கின்றன. ஆனால் இந்த வகைச் சாய்வுக்குப் பாஸ்டல் தானாகவே பொருந்துகிறது, காரணம் பொருளின் இயற்பியல்.

பாஸ்டல் குச்சி என்பது நிறமிப் பொடி, வெண்மைக்கும் உடலுக்கும் சுண்ணம் அல்லது வெண்களிமண், எல்லாவற்றையும் ஒட்டிவைக்க மிக மெல்லிய பிசின் நீர் (வழக்கமாக ட்ராகாகாந்த் பிசின்). பிசின் மிகக் குறைவு என்பதால் துகள்களுக்கு இடையே முழுக்கக் காற்று. ஒளி ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறுகிறது. அதனால்தான் பாஸ்டலின் வெளிர் நிறங்கள் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கின்றன. அதே காரணத்தால் பாஸ்டலின் கறுப்பு, எண்ணெய்க் கறுப்பின் ஆழத்தை எட்டுவதில்லை. மேற்பரப்பிலேயே கொஞ்சம் ஒளி சிதறித் திரும்பிவிடுகிறது. மங்கலான, வெல்வெட் போன்ற இருட்டு அது. டவ்வின் கறுப்பு ஓட்டையாகத் தெரியாமல், பச்சையோடு ஒரே தோலில் இருப்பதற்கு இது ஒரு காரணம். கணினித் திரையில் இந்தக் கறுப்பு பெரும்பாலும் அசலைவிடக் கடுமையாகத் தெரியும். திரையை நம்பிக் கறுப்பை அழுத்தினால் அங்கேயே முதல் தவறு ஆரம்பம்.

இன்னொன்று: 1911-ல் பாஸ்டல் குச்சிகளில் டைட்டானியம் வெள்ளை கிடையாது. அது வணிக நிறமியாக வந்தது முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும்தான். அன்றைய வெள்ளை சுண்ணம், துத்தநாக வெள்ளை வகை, மென்மையானது. இன்றைய குச்சி வெள்ளையில் பெரும்பாலும் டைட்டானியம் இருக்கிறது. அது பச்சையின் மேல் பட்டால் சுவர் வெள்ளையடித்தமாதிரி குதித்து நிற்கும். டவ்வின் வெளிறல் வேண்டுமென்றால் தூய வெள்ளைக்குப் பதிலாக மிக வெளிறிய மஞ்சள்காவிக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு, வெள்ளையைக் கடைசி இரண்டு தொடுகைக்கு ஒதுக்கிவையுங்கள்.

இனி உங்கள் சேறு. கேள்வியில் என்ன குச்சி என்று சொல்லவில்லை. நம் ஊரில் 'பாஸ்டல்' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக்கொடுப்பது பெரும்பாலும் ஆயில் பாஸ்டல், பள்ளிப் பிள்ளைகளின் மெழுகும் எண்ணெய்யும் சேர்ந்த குச்சி. அதில் காற்று இடைவெளி கிடையாது, மேலே சொன்ன எதுவும் நடக்காது. 'சாஃப்ட் பாஸ்டல்' என்று தனியாகக் கேளுங்கள். விரலில் தேய்த்தால் பொடியாக வர வேண்டும், வழவழப்பாக இழுபடக் கூடாது. அதுதான் சோதனை.

சரியான குச்சியாகவே இருந்தாலும் சேறாவதற்கு நான்கு வழிகள் உண்டு. அடிக்கடி நடக்கும் வரிசையில் சொல்கிறேன்.

விரலால் தேய்ப்பது. இதுதான் பெரும் குற்றவாளி. தேய்க்கும்போது துகள்கள் தாளின் பள்ளங்களை அடைத்துத் தட்டையாகின்றன, விரலின் எண்ணெய்ப்பசை காற்றிடத்தில் புகுகிறது, ஒளிச்சிதறல் குறைகிறது. நிறம் ஒரு படி இருண்டு, பக்கத்து நிறத்தோடு ஒரே மாதிரி ஆகிவிடுகிறது. ஒருமுறை தேய்த்த இடத்தில் அடுத்த அடுக்கு பிடிக்காது, வழுக்கும். அப்போது நாம் இன்னும் அழுத்துவோம், அடுத்த நாசம்.

அடியில் இருக்கும் கரித்தூள். கரித்துண்டால் ஓவியத்தின் கோட்டுருவம் போட்டு, அதை உதறாமலேயே நிறம் ஏற்றினால் ஒவ்வொரு நிறத்திலும் கறுப்பு ஏறும். மஞ்சள்தான் முதல் பலி. கறுப்பும் மஞ்சளும் கலந்தால் சாம்பல் மஞ்சள் வராது, ஆலிவ் பச்சை வரும். நீங்கள் அனுப்பிய வர்ணனையில் 'பழுப்பு ஏனோ பச்சையடித்தது' என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுவாகத்தான் இருக்கும்.

குச்சிகள் ஒன்றையொன்று அழுக்காக்குவது. பெட்டியில் குலுங்கிய பச்சைக் குச்சியின் மேல் ஐந்து நிறத் தூள் இருக்கும். ஒரு டப்பாவில் ரவையோ பச்சரிசியோ போட்டு, அதில் குச்சிகளைப் போட்டு மெதுவாக ஆட்டினால் மேல்தூளை அது வாங்கிக்கொள்ளும். பிறகு சல்லடையில் எடுத்துவிடலாம். அந்த ரவையை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் தூக்கிப்போடுங்கள். நிறமிகளில் நச்சு உண்டு.

நிறமிகளின் எண்ணிக்கை. 48 நிறப் பெட்டியில் பத்துப் பச்சைகள் இருந்தால் அவற்றில் பலவும் இரண்டு மூன்று நிறமிகளின் கலவை. அப்படி இரண்டு பச்சையும் ஒரு பழுப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஐந்தாறு நிறமிகள், எல்லா அலைநீளத்தையும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். மிஞ்சுவது சேறு. டவ்வின் மூன்று நிறக் கட்டுப்பாடு வெறும் கொள்கையாக மட்டும் வேலை செய்யவில்லை. சேறாகாமல் காக்கும் நடைமுறையாகவும் அது வேலை செய்கிறது.

சரி, மறுபடி செய்து பார்க்கும் வழி. இது டவ்வின் செய்முறைக் குறிப்பு இல்லை. அவர் சொன்ன வரிசையை மதித்து, இன்றைய பொருள்களை வைத்து அமைத்த பயிற்சி.

அளவு: அசலில் பாதி, 23 × 27 செ.மீ. இதைவிடச் சிறியதாக எடுத்தால் குச்சியின் பருமனுக்கு டோன் சாய்வு போட இடம் இருக்காது.

தாள்: வெளிர் பழுப்பு அல்லது இளஞ்சூட்டுச் சாம்பல் நிறப் பாஸ்டல் தாள், 160 கிராம். கான்சன் மி-தான்த் மாதிரித் தாளில் ஒரு பக்கம் தேன்கூடு போன்ற புடைப்பு இருக்கும், மறுபக்கத்தைப் பயன்படுத்துங்கள். வெள்ளைத் தாள் வேண்டாம். வெள்ளையில் தொடங்கினால் ஒவ்வொரு நடு டோனும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும். டவ் இந்தக் காலத்தில் துணிமேலும் பாஸ்டல் செய்தார்: நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் 'பிளான்ட் ஃபார்ம்ஸ்' கேன்வாஸ் மேல், ஏறத்தாழ 44 × 61 செ.மீ. துணியின் இழை, துகளைப் பிடித்துக்கொள்வதோடு ஒரு மெல்லிய தானிய அமைப்பையும் தருகிறது. அதைச் செய்து பார்க்க விரும்பினால், நெருக்கமான நெசவுள்ள காடாத்துணியை அட்டையில் ஒட்டி, அக்ரிலிக் ஜெஸ்ஸோ (அடிப்பூச்சு) 4 பங்குக்குச் சொரசொரப்பான ப்யூமிஸ் கல்பொடி 1 பங்கு (மாக்கல் போன்ற வழவழப்பான பொடி கூடாது), கொஞ்சம் தண்ணீர், சிறிது பழுப்பு நிறம் கலந்து ஒரே ஒரு பூச்சு கொடுங்கள். இரண்டு பூச்சு கொடுத்தால் இழை மறைந்துவிடும்.

குச்சிகள்: மண்ணுக்கு பர்ன்ட் சியன்னா அல்லது அம்பர், இரும்பு ஆக்சைடு நிறமி, நம் காவிக்கல்லில் இருப்பதும் அதன் உறவுதான். மரத்துக்குக் குரோமியம் ஆக்சைடு பச்சை, மங்கலான, நன்றாக மூடும் பச்சை. பளீரென்ற தாலோ பச்சையை எடுத்தால் கெட்டது. ஒரு துளியே படம் முழுக்கப் பரவும். வானத்துக்கு செருலியன் நீலம். கறுப்பு. வெளிறிய காவி. கடைசியில் வெள்ளை. மூன்று நிறத்தையும் கறுப்போடு, தனியாக, வெளிறலோடு என்று மும்மூன்று படியாக எடுத்தால் ஒன்பது டோன். கறுப்பு வெள்ளையோடு பதினொன்று. இந்தப் பதினொன்றையும் தனித்தாளில் 3 செ.மீ. சதுரங்களாகப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் பின்னால் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

இப்போது வடிவத்தைத் தொடாமல் நிறத்தின் பங்கை முடிவு செய்யுங்கள். டவ் சொன்ன முதல் படி இதுதான். சன்னல் வழியே தெரியும் மரமோ, தெருமுனை வேலியோ, எதுவாகவும் இருக்கட்டும். அதில் மண், இலை, வானம் ஆகிய மூன்றும் எவ்வளவு எவ்வளவு? உள்ளங்கை அளவு தாளில் மூன்று நிறத்தையும் பரப்பளவாக மட்டும் வையுங்கள், உருவமே இல்லாமல். தொடங்குவதற்கு ஒரு கணக்கு: பச்சை பாதி, மண் கால், நீலம் பத்தில் ஒன்று, மிச்சம் கறுப்பும் வெளிறலும். சம பங்காகப் பிரித்தால் மூன்றும் சண்டையிட்டு எதுவும் ஜெயிக்காது. நீலத்தைக் குறைவாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பழுப்புப் பரப்பின் நடுவில் வைத்த சாம்பலே நீலமாகத் தெரியும், பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் 1839-ல் விளக்கிய அக்கம்பக்க நிற வேறுபாடு அது. போதாததற்கு, கறுப்பின் மேல் வெள்ளைப் பாஸ்டலை மெலிதாக இழுத்தாலே நீலச்சாயல் தட்டும். மெல்லிய வெண்படலம் குறுகிய அலைநீளங்களைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது, அடுப்புப்புகை இருட்டின் முன்னால் நீலமாகத் தெரிவதுபோல. ஆக, நீலக் குச்சியை எடுக்கும் முன்பே படத்தில் பாதி நீலம் வந்திருக்கும்.

அடுத்து மூன்று வடிவம். எண்ணி மூன்று. ஒரு வளைவு, ஒரு விசிறி, ஒரு கூர்முனை என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாக நான்காவதைக் கண்டுபிடிக்காமல் இதையே பெரிதாக்கி, சிறிதாக்கி, சாய்த்து, ஒன்றின் பின்னால் ஒன்றை ஒளித்துப் பரப்பை நிரப்புங்கள். கரித்துண்டால் மெலிதாக வரைந்ததும், தாளைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்புறம் தட்டி, மிச்சத்தை மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கோடு பேய்போல மங்கலாகத் தெரிந்தால் போதும்.

நிறம் ஏற்றும்போது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வாருங்கள். ஆனால் இருட்டு என்றால் உடனே கறுப்பு என்று எடுக்காதீர்கள். பச்சை வடிவத்தின் இருண்ட பக்கத்துக்கு முதலில் அம்பர், அதன் மேல் பச்சை. கறுப்பு அதற்குப் பிறகு, பார்த்துப் பார்த்து. வெளிர் பகுதியின் அடியில் கறுப்பு ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. குச்சியை 3 செ.மீ. துண்டாக உடைத்து, முனையால் இல்லாமல் பக்கவாட்டால் இழுங்கள். கை எடை மட்டும், அழுத்தம் வேண்டாம். தாளின் குழிகள் முதல் இரண்டு அடுக்கிலும் திறந்தே இருக்க வேண்டும். இந்த வகைத் தாள் நான்கைந்து அடுக்குக்கு மேல் தாங்காது. கெட்டியான குச்சி முதலில், மென்மையானது பின்னால். மாற்றிச் செய்தால் கெட்டிக்குச்சி மேலே ஏறாமல் அடியை உழுதுவிடும்.

டோன் சாய்வுதான் படத்தின் உயிர், அதனால் இங்கே நிதானம் வேண்டும். ஒரு வடிவத்துக்குள் மூன்று பட்டை: அடர், நடு, வெளிர். பட்டைகள் சந்திக்கும் எல்லையில் மட்டும், வெளிர்க் குச்சியை அடரின் மேல் ஒரு செ.மீ. அளவுக்கு இழுத்து நிறுத்துங்கள். தேய்க்க வேண்டாம். இரண்டடி தள்ளிப் பார்த்தால் கண்ணே கலந்துகொள்ளும். அடுத்து விளிம்பு. ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு விளிம்பு கூர்மையாகவும் எதிர் விளிம்பு கரைந்தும் இருக்கட்டும். கூர்மையான வெளிர் விளிம்பை அடுத்த வடிவத்தின் இருண்ட பக்கத்தில் சாத்துங்கள். இப்படி வெளிர்-அடர், வெளிர்-அடர் என்று அடுக்கிக்கொண்டு போனால், எல்லா வடிவமும் ஒரே திசையில் சாயும். காற்று அங்கேதான் இருக்கிறது. அலைக்கோடு எதுவும் போட வேண்டியதில்லை. நகலெடுத்தவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். எல்லா விளிம்பையும் ஒரே கூர்மையில் வெட்டினால், கிடைப்பது கண்ணாடிச் சன்னல் வேலைப்பாடு மாதிரி ஒன்று, அழகாகவே இருந்தாலும் அசையாது.

நடுவில் சேறாகிவிட்டால்: மேலே மேலே பூசாதீர்கள். கெட்டி மயிர்த் தூரிகையால் அந்த இடத்தை வருடி, தாளைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டிவிடுங்கள். பிசையும் ரப்பரை அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். வாயால் ஊதாதீர்கள், தூள் அடுத்த நிறத்தின் மேலும் உங்கள் நுரையீரலிலும் போய் உட்காரும். காட்மியம் கலந்த குச்சிகள் இருந்தால் முகக்கவசம் கட்டாயம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஃபிக்ஸேட்டிவ், அதாவது தூள் உதிராமல் பிடித்துவைக்கும் பிசின் தெளிப்பு, தெளிக்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. காரணம் தெரிந்தால் நீங்களே முடிவு செய்யலாம். காற்றின் ஒளிவிலகல் எண் 1, ஃபிக்ஸேட்டிவ் பிசினுடையது ஏறத்தாழ 1.5, சுண்ணத்தினுடையது 1.6-க்குச் சற்றுக் கீழே. துகள்களுக்கு இடையே காற்று போய்ப் பிசின் வந்ததும், சுண்ணத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும்; சிதறல் நிற்கும்; சுண்ணம் கண்ணாடிபோல ஆகிவிடும். அதனால் முதலில் சாவது வெளிர் டோன்கள்தான். டைட்டானியத்தின் எண் 2.5-க்கு மேல், அது மட்டும் தப்பித்துப் பளிச்சென்று நிற்கும். விளைவாக நீங்கள் நுணுக்கிப் போட்ட ஏற்ற இறக்கம் சமநிலை இழந்துவிடும். பிரெஞ்சு ஓவியர் டெகா பாஸ்டலை அடுக்கடுக்காக ஃபிக்ஸ் செய்து வரைந்தவர். ஆனால் அவர் தெளித்தது இடை அடுக்குகளை, அதன் மேல் புதிதாக நிறம் போட்டார். அதையே பின்பற்றுங்கள். மூன்றாவது அடுக்குக்குப் பிறகு 30 செ.மீ. தள்ளி ஒரு மெல்லிய தெளிப்பு, 20 நிமிடம் உலரட்டும், பிறகு வெளிர் டோன்களும் வெள்ளையும். கடைசி அடுக்கைத் தெளிக்காமல் விடுங்கள்.

தெளிக்காத படத்தைச் சட்டம் போடும் விதம்தான் அதன் ஆயுள். சாதாரண அக்ரிலிக் கண்ணாடி வேண்டாம். அதில் நிலைமின்சாரம் ஏறித் தூளைத் தன் பக்கம் இழுக்கும். உண்மையான கண்ணாடி போடுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி வர மவுண்ட் அட்டையைத் தடிமனாக வெட்டச் சொல்லுங்கள். அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். அருங்காட்சியகங்கள் தாள்மேல் செய்த இத்தகைய படங்களுக்கு வழக்கமாக வைக்கும் ஒளி வரம்பு 50 லக்ஸ். டவ்வின் பாஸ்டல்கள் ஆண்டு முழுக்கச் சுவரில் தொங்காமல் பெரும்பாலும் இழுப்பறையில் இருப்பதற்கும் அதுவே காரணம், சிகாகோ போனால் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் இரும்பு ஆக்சைடும் குரோமியம் பச்சையும் வெயிலுக்கு அசைபவை அல்ல. மலிவான பெட்டியின் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் ஓராண்டில் வெளுக்கும்.

சென்னை, யாழ்ப்பாணம் மாதிரிக் கடலோர ஊர் என்றால் வெளிச்சத்தைவிட ஈரப்பதம் பெரிய எதிரி. பிசின் பூஞ்சைக்கு உணவு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால், இருண்ட பகுதிகளில், குறிப்பாகக் கறுப்பிலும் அம்பரிலும், வெண்புள்ளிகள் பூக்கும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்மூலைகளில் சிறிய தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை இறக்கி, பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்; புள்ளி தெரிந்தால் துடைக்க முயலாமல், உலர்ந்த அறையில் மின்விசிறிக்கு நேராக இல்லாமல் இரண்டு நாள் வைத்து, பிறகு உலர்ந்த மெல்லிய தூரிகை நுனியால் மட்டும் எடுங்கள்.